வீட்டுவழித் தற்கல்வி வாதமும் போனக்காட்டுக் குழந்தையும்: ஒரு மறுப்பு

முன்னுரை

குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாது வீட்டிலேயே வைத்து, அதன் விருப்பம் செல்லும் வழியில் தானே கற்க விடுதல் என்னும் கருத்து அண்மைக் காலத்தில் தமிழ்ச் சூழலிலும் வலுப்பெற்று வருகிறது. பாடத்திட்டமும் தேர்வும் மணியோசையும் குழந்தையின் இயல்பான அறிவு வேட்கையைக் கெடுக்கின்றன என்பது இக்கருத்தினரின் அடிப்படை. 1930-களின் தொடக்கத்தில் குஜராத்தின் கிஜுபாய் பதேக்கா தம் ‘பகற்கனவு’ நூலிலும், 1964-இல் அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட் குழந்தைகள் தோற்கும் முறை பற்றிய தம் நூலிலும், 1971-இல் இவான் இல்லிச் பள்ளி நீக்கிய சமூகம் பற்றிய தம் நூலிலும் பள்ளியின் குறைகளை எடுத்துக்காட்டினர். அவர்கள் கூறியவற்றுள் பெரும்பகுதி உண்மை. அவற்றை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று.

ஈண்டு மறுக்கப்பெறுவது வேறொன்று. வீட்டுவழித் தற்கல்விக்குத் தமிழ் மரபையே சான்றாக்கி, ‘நம் புலவர்கள் பள்ளிக்குச் சென்றா புலமை பெற்றனர்?’ என வினவும் போக்கு தமிழறிஞரிடையேயும் காணப்படுகிறது. இவ்வினாவில் இரண்டு பிழைகள் உள்ளன. மரபு கூறாததை மரபின்மேல் ஏற்றுவது ஒன்று. வசதியுடைய வீட்டுக்குப் பொருந்துவதை எல்லா வீட்டுக்கும் பொதுவாக்குவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஆராய்ந்து, ஆசிரியரையும் கற்றோர் கூட்டத்தையும் நீக்கிய தற்கல்வி தமிழ் மரபுக்கு உரியதன்று என நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

‘கேள்வி’ என்னும் சொல்

தற்கல்வியாளர் விரும்பி எடுத்தாளும் சான்று திருக்குறளின் 42-ஆம் அதிகாரம். கேள்விக்கு வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்தாராதலின், குழந்தை வினாக்களை எழுப்பித் தானே கற்பதே தமிழர் கண்ட கல்வி என்பர். இது இக்காலச் சொற்பொருளை முற்கால நூலுக்குள் புகுத்துவதால் விளைந்த பிழை. அவ்வதிகாரத்தில் ‘கேள்வி’ என்பது கேட்டல் என்னும் பொருளது. கற்றறிந்தோர் கூறுவதைச் செவிவழிப் பெறுதலைக் குறிப்பது. அவ்வதிகாரம் பெரும்பாலும் செவியையே பற்றி நிற்பது இதனை உறுதிப்படுத்தும். கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்து அது வைக்கப்பட்டமையும் நோக்கத்தக்கது. நூல் கற்கும் வாய்ப்பு இல்லாதவனும் கேட்டேனும் அறிவு பெறுக என்பது வள்ளுவர் கருத்து. கேட்பதற்குச் சொல்வோர் வேண்டும் என்பதைத் தனியே கூற வேண்டுவதில்லை.

நன்னூலின் பொதுப்பாயிரமும் இத்தகைய திரிபுக்கு உள்ளாகிறது. ஆசிரியன் உரைத்ததை முழுதும் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்கூறு புலமையே எனப் பவணந்தியார் வரையறுக்கிறார். இவ்வொரு கருத்தை மட்டும் பிரித்தெடுத்து, ஆசிரியர் தேவையில்லை என்பதற்கு ஆதரவாக்குவர். எஞ்சிய முக்கால் எவ்வாறு நிறைகிறது என்பதையும் அவரே கூறியுள்ளார். உடன் பயில்வாரோடு பழகுவதால் ஒரு கால் வரும். கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் இரண்டு கால் வரும். நான்கு கூறுகளுள் தனித்திருந்து பெறுவதாக ஒரு கூறும் சொல்லப்படவில்லை. ஆசிரியரின் பங்கைக் குறைத்துக் காட்டும் நன்னூல் கூட்டத்தின் பங்கைப் பெருக்கிக் காட்டுகிறது. வீட்டின் நான்கு சுவருக்குள் ஒரு குழந்தையை மட்டும் வைத்துக் கற்பிக்க விழைவோருக்கு இந்நூல் துணையாகாது.

சான்றாகக் காட்டப்பெறுவோர்

இக்காலப் பள்ளிப்படிப்பின்றிப் பெரும்புலமை பெற்றோருள் முதலில் சுட்டப்பெறுபவர் உ. வே. சாமிநாதையர். அவர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானது பட்டத்தால் அன்று என்பது உண்மையே. ஆயினும் அவருடைய தன்வரலாறு காட்டுவது என்ன? மகனின் தமிழ் வேட்கையை உணர்ந்த தந்தை, தமிழ் சொல்வோர் இருக்கும் ஊர்களைத் தேடிக் குடும்பத்தை நடத்திச் சென்றார். அரியலூர், குன்னம், செங்கணம் என அத்தேடல் நீண்டு, மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நிறைவுற்றது. 1876-இல் பிள்ளையவர்கள் மறையும்வரை அம்மாணவர் அவருடன் இருந்து பாடம் கேட்டார். வேட்கை சிறுவனுடையது, அவ்வேட்கைக்கு இடமளிக்க ஒரு குடும்பமே இடம்பெயர்ந்தது. இதனைத் தானே கற்றதற்குச் சான்றாக்குவது அத்தந்தையின் உழைப்பையும் அவ்வாசிரியரின் கொடையையும் மறைப்பதாகும்.

தாமஸ் மன்றோ காலத்துக் கணக்கெடுப்பும் அடிக்கடி எடுத்தாளப்பெறுகிறது. 1822-இல் தொடங்கப்பெற்ற அக்கணக்கெடுப்பை 1983-இல் தரம்பால் தம் நூலில் விரிவாக வெளியிட்டார். சென்னையில் பள்ளியில் பயின்றோரினும் வீட்டில் பயின்றோர் ஐந்து மடங்குக்கு மேல் என்னும் செய்தி அதில் உள்ளது. இதை மகிழ்ந்து கூறுவோர், அவ்வெண்ணில் பிழை இருத்தல் கூடும் என மன்றோவே தம் 1826 மார்ச்சுக் குறிப்பில் ஐயுற்றதைக் கூறுவதில்லை. அக்கணக்கில் பள்ளி சென்ற பெண்கள் மிகச் சிலரே என்பதையும் கூறுவதில்லை. வீட்டில் எழுத்தறிந்தோர் இருந்த குடும்பத்துக் குழந்தை வீட்டிலேயே கற்றது. எழுத்து நுழையாத வீட்டுக் குழந்தைக்கு அவ்வழி திறந்திருக்கவில்லை.

போனக்காடு காட்டும் உண்மை

தற்கல்வி வாதத்தைச் சோதிக்கப் போனக்காடு தக்க இடம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுரைக்கு அப்பால், அகத்தியமலையின் மேற்கு அடிவாரத்தில் உள்ளது இவ்வூர். 1,868 மீட்டர் உயரமுடைய அகத்தியர்கூடத்திற்கு ஏறுவோர் இங்கிருந்தே புறப்படுவர். தமிழுக்கு இலக்கணம் தந்த முனிவன் வாழ்ந்ததாகத் தமிழர் போற்றும் பொதியமலைத் தொடர் இதுவே. வெள்ளையர் காலத்துத் தேயிலைத் தோட்டத்திற்குத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் வழித்தோன்றல்கள் இங்குள்ள லயங்களில் வாழ்கின்றனர். தோட்டம் நலிந்து, ஆலை இயக்கம் நின்று, ஊதியம் நிலுவையாகி ஆண்டுகள் பல கடந்தன. அண்மையிலுள்ள காட்டுக் குடிகளில் காணி மக்கள் வாழ்கின்றனர்.

இவ்வீடுகளில் அறிவு இல்லை என்று எவரும் கூறவியலாது. 1987-இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வு மேற்கொண்ட தாவரவியலாளர்கள், உடன்வந்த காணி வழிகாட்டிகள் ஒரு காட்டுக் கனியை உண்டு களைப்பின்றி நடந்ததைக் கண்டனர். ஆரோக்கியபச்சை எனப்படும் அச்செடியிலிருந்து பாலோட்டுத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. வருவாயில் காணி மக்களுக்கும் பங்கு அளிக்கப்பட்டது உலக அளவில் பேசப்பெற்றது. அவ்வறிவு எப்பாடநூலிலும் இருந்ததன்று. பெரியோரோடு காட்டில் நடந்து இளையோர் பெற்றது. லயத்துக் குழந்தையும் கொழுந்தையும் முற்றிய இலையையும் பார்த்தே பிரித்தறியும். கவ்வாத்துச் செய்யும் பருவத்தை அறியும். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசும். இவை அனைத்தும் தற்கல்வியின் வெற்றிகளே.

ஆனால் இக்குழந்தை தமிழ் எழுத்தைத் தானே கற்குமா? பேச்சு வீடு முழுவதும் ஒலிப்பதால் குழந்தை அதனை எவரும் கற்பிக்காமலே பெறுகிறது. நூலும் இதழும் இல்லாத வீட்டில் எழுத்து கண்ணில் படுவதே இல்லை. தாய்மொழியைக் குழந்தை தானே கற்கிறது. ஆதலின் எதனையும் தானே கற்கும் என்னும் வாதம் இவ்விடத்தில் முறிகிறது.

இதற்கு வரலாற்றுச் சான்று தென்னாப்பிரிக்காவில் உண்டு. 1910-இல் ஜோகானஸ்பர்க் அருகே அமைந்த தால்ஸ்தாய்ப் பண்ணையில் காந்தியடிகள் குழந்தைகளுக்குத் தாமே கல்வி புகட்டினார். அங்கிருந்த தமிழ்ச் சிறார் தாய்மொழியைச் சிறிதளவே அறிந்திருந்தனர். எழுத்தை அறவே அறியார். கப்பற் பயணத்திலும் சிறையிலும் போப்பையரின் கையேட்டைக் கொண்டு தாம் பெற்ற சிறிதளவு தமிழைக் கொண்டு அவர் அவர்களுக்கு எழுத்தும் தொடக்க இலக்கணமும் கற்பித்தார். ஆங்கிலம் அறியாத தமிழர் வந்தால் அம்மாணவரே அவருக்கு மொழிபெயர்ப்பாளராயினர். தம் அறியாமையை அவர் மாணவரிடம் மறைக்கவில்லை. வீட்டுவழிக் கல்விக்கு இதனினும் சிறந்த முன்மாதிரி காண்பது அரிது. அங்கும் முழுமையற்ற ஓர் ஆசிரியர் இருந்தார் என்பதும், அவர் இராவிடில் எழுத்து இராது என்பதும் கருதத்தக்கன. அவருடைய மூத்த மகன் ஹரிலால், முறையான கல்வி தமக்கு மறுக்கப்பட்டதெனக் கசந்து 1911-இல் தந்தையைப் பிரிந்தார் என்பதும் உடன் எண்ணத்தக்கது. பள்ளி வேண்டா எனத் தந்தை முடிவு செய்யலாம். அம்முடிவின் விளைவை நுகர்பவர் மகனே.

சட்டமும் அரசும்

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என அச்சட்டம் கூறுகிறது. தவறும் பெற்றோருக்குத் தண்டனை கூறவில்லை. வீட்டுவழிக் கல்வியைப் பெயர் சுட்டி ஏற்கவும் இல்லை. நகரத்துப் பெற்றோர் இவ்விடைவெளியில் குழந்தையை வீட்டில் கற்பித்து, பதினான்கு வயதில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே தேர்வெழுதச் செய்கின்றனர். நூலகம், கணினி, ஆங்கிலம், ஓய்வுநேரம் ஆகியன அவ்வீட்டில் உள்ளன. அங்குத் தற்கல்வி தழைத்தல் இயல்பு.

அதே சட்டத்தின் நிழலில் மலையில் நிகழ்ந்தது வேறு. கேரளத்தில் காட்டுக் குடிகளிலும் தொலைவான ஊர்களிலும் இயங்கிவந்த இருநூற்றுக்கு மேற்பட்ட ஓராசிரியர் கற்றல் மையங்கள் 2022-இல் மூடப்பட்டன. அகத்தியமலையின் இதே அடிவாரத்தில், அம்பூரிக்கு அப்பாலுள்ள குன்னத்துமலை மையமும் அவற்றுள் ஒன்று. குழந்தைகளை முறையான பள்ளிகளுக்கு மாற்றுவது அரசின் நோக்கமாகக் கூறப்பட்டது. ஆறும் காடும் கடந்து ஆசிரியர் குழந்தையிடம் சென்ற நிலை மாறி, குழந்தை வீட்டைவிட்டு நீங்கிப் பள்ளியையோ விடுதியையோ நாடும் நிலை வந்தது. பல வயதுக் குழந்தைகள் ஓரிடத்தில் கூடி, மூத்தது இளையதற்குச் சொல்லிக் கொடுத்துத் தத்தம் விரைவில் கற்ற அம்மையங்களே நன்னூல் கூறிய நான்கு கூறுகளுக்கும் அண்மையில் இருந்தவை. தற்கல்வியைப் போற்றுவோர் அவற்றின் மூடலுக்கு எதிராகக் குரல் எழுப்பியிருத்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் கருத்து ஒன்றே. குழந்தை தானே கற்கும் என்பது மெய். கேட்டால் சொல்வோரும், சொன்னால் கேட்போரும் சூழ்ந்துள்ள இடத்தில் மட்டுமே அது மெய். அச்சூழலைப் பணத்தால் அமைத்துக்கொள்வோர் அதனைச் சுதந்திரம் எனப் பெயரிட்டுப் பொதுநெறியாக்கினால், அச்சூழல் இல்லாத குழந்தையின் கைவிடப்பட்ட நிலைக்கும் அதே பெயர் கிடைத்துவிடும். ஆசிரியரைத் திரும்பப்பெறும் அரசுக்கும் அது வசதியாகிவிடும். ஆதலின் வீட்டுவழிக் கல்வியைச் சட்டம் வெளிப்படையாக ஏற்று, ஆண்டுக்கொரு முறையேனும் கற்றறிந்தோர் அக்குழந்தையைக் கண்டு உரையாடுவதை உறுதிசெய்தல் வேண்டும். மலையில் குழந்தை ஒன்றே இருப்பினும் ஆசிரியர் அங்குச் செல்லுதல் வேண்டும்.

தமிழ்த்துறைகளுக்கும் இதில் கடமை உண்டு. இம்மலையின் மேற்கே கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையும், கிழக்கே நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையும் உள்ளன. சுந்தரனார் திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தே 1891-இல் ‘மனோன்மணீயம்’ வெளியிட்டார். லயத்துச் சொற்களையும் காணி வழக்குகளையும் தொகுத்து, அவற்றிலிருந்தே தொடங்கும் எழுத்துப் பயிற்சி நூல்களை இவ்விரு துறைகளும் இணைந்து உருவாக்கலாம். முதுகலை மாணவரை விடுமுறைதோறும் போனக்காட்டுக்கு அனுப்பலாம். அம்மாணவர் தம் புலமையின் பிற்பாதியைப் பெறுவதற்கும் அதுவே வழி. அகத்தியர் பற்றி ஆண்டுதோறும் கட்டுரை வழங்கும் நாம், அவர் பெயர் தாங்கிய மலையின் அடியில் தமிழ் பேசும் குழந்தைக்கு ‘அ’ எழுதிக் காட்ட ஆளில்லை என்னும் நிலையை ஏற்கலாகாது.