வீடும் தோட்டமும்: மாடியில் ஒரு மழைக்குடில்

தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவரை வீட்டுக்குப் பின்னால் நாலு கத்தரி, ஒரு முருங்கை, கறிவேப்பிலை என்று கைக்கெட்டிய தூரத்தில் காய்கறி இருந்தது. தாமான் வீட்டுக்குக் குடிபெயர்ந்த பல குடும்பங்களுக்கு எஞ்சியிருக்கும் காலியிடம், காடி நிறுத்தும் முகப்பின் மேலுள்ள தட்டைக் கூரைதான். அங்கே விதைத்த கொத்தமல்லி முளைவிட்ட சில நாளிலேயே மழையில் அடிபட்டு மடிந்து போகிறது. இதற்கு நம் கையாலேயே ஒரு குடில் கட்டலாம்.

குளிர் நாடுகளில் பசுமைக் குடில் கட்டுவது சூட்டைச் சேர்த்து வைக்க. நமக்குச் சூட்டுக்கா பஞ்சம்? நாலு புறமும் மூடினால் கீரை அங்கேயே வெந்துவிடும். நமக்கு வேண்டியது மழைத் தடுப்பு. கனமழை இளஞ்செடிகளை ஒடிக்கும். உரத்தைக் கரைத்துக் கொண்டு போகும். மண்ணைத் தெறிக்கவைத்து இலைக்கு நோயைக் கொடுக்கும். ஆகவே மேலே கூரை இருக்கட்டும்; பக்கங்கள் திறந்திருக்கட்டும். பூச்சி வராமல் வலை மட்டும் கட்டினால் போதும்.

பாரம் தெரியாமல் ஏற்றாதீர்கள்

எல்லாவற்றுக்கும் முன் கூரையைப் பாருங்கள். 20 லிட்டர் வாளி நிறைய ஈர மண் ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். இருபது வாளி என்றால் 600 கிலோ. பத்து ஆட்கள் இரவும் பகலும் அங்கேயே நிற்பதற்குச் சமம்! முகப்புக் கூரை பெரும்பாலும் அதற்காகக் கட்டப்பட்டதல்ல. தூணில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூரையில் பாரம் ஏற்றவே கூடாது. விரிசலோ கசிவோ இருந்தாலும் வேண்டாம். மற்றக் கூரைகளுக்கும் கட்டடப் பொறியாளரைக் கேட்டு, நகராண்மைக் கழகத்தில் அனுமதி தேவையா என்று விசாரித்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். அடுக்குமாடி வீடுகளில் மேல்மாடி பொதுச் சொத்து. நிர்வாகத்தின் எழுத்து அனுமதியின்றி ஏறாதீர்கள்.

வெறும் மண்ணுக்குப் பதில் தேங்காய் நார்த்தூள், உமிக்கரி, மக்கிய உரம் கலந்தால் பாரம் வெகுவாகக் குறையும். கீரைக்கு 6 அங்குல ஆழப் பெட்டியே போதும். பெட்டிகளைக் கூரையின் நடுவில் குவிக்காமல், கீழே சுவர் அல்லது உத்தரம் உள்ள ஓரமாக வையுங்கள்.

கட்டும் முறை

நீளம் 8 அடி, அகலம் 6 அடி போதும். நாகம் பூசிய இரும்புக் குழாய்களைக் கால்களாக நிறுத்துங்கள். முன்கால் 6 அடி, பின்கால் நாலரை அடி என்று வைத்தால் மழைநீர் தேங்காமல் வழியும். கூரைத் தரையில் துளை போடாதீர்கள், வீட்டுக்குள் ஒழுகும். ஒவ்வொரு காலையும் 10 லிட்டர் வாளியில் சிமெண்டுக் கலவை ஊற்றி நிறுத்துங்கள். அந்தக் கனம் மட்டும் காற்றுக்குப் போதாது. வீட்டுச் சுவரில் கொத்தனாரைக் கொண்டு வளையம் பதித்து, சட்டத்தை இறுக்கிக் கட்டுங்கள்.

சாதாரண பிளாஸ்டிக் நம் வெயிலில் சில மாதங்களில் நொறுங்கிவிடும். வெயில் தாங்கும் 200 மைக்ரோன் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதை நிரந்தரமாக ஆணியடிக்காமல் ஒரு கழியில் சுருட்டும்படி அமையுங்கள். மேற்குக் கரையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா சூறைக்காற்று அடிப்பதுண்டு. வானிலை எச்சரிக்கை வந்தால் முதல்நாள் மாலையே தாளைச் சுருட்டிவிடுங்கள். பறந்து போய் அடுத்த வீட்டாரைத் தாக்கக் கூடாதல்லவா?

தண்ணீரும் கொசுவும்

50 மில்லிமீட்டர் மழை பெய்தால் இச்சிறு கூரையிலிருந்து சுமார் 220 லிட்டர் நீர் வழியும். பிடித்து வைக்கும் பீப்பாயை மாடியில் வைக்காமல் தரையில் வையுங்கள். மூடி போட்டு வலை கட்டுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரமளவே ஆகும். ஆகவே சட்டித் தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்த்து, விளிம்பைத் தேய்த்துக் கழுவுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் அசட்டை கூடாது.

கொத்தமல்லி, புதினா, சாவிக் கீரை, முளைக்கீரை, பச்சை மிளகாய் நன்றாக வரும். தக்காளிக்கு ஆசைப்பட வேண்டாம். சமவெளியின் இரவுச் சூட்டில் பூ உதிர்ந்துவிடும். முதலில் இரண்டே பெட்டிகளோடு தொடங்குங்கள். ஒரு மழைக்காலம் முழுக்கக் குடிலும் கூரையும் எப்படித் தாங்குகின்றன என்று பார்த்த பிறகு மூன்றாவது பெட்டியை ஏற்றலாம்.