தந்தியை நினைப்பவர் தொழிலாளரை மறப்பதேன்?

2013ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் இரவோடு இந்தியாவில் தந்திச் சேவை முடிவுற்றது. அன்று தலைநகர் தில்லியின் மத்தியத் தந்தி நிலையத்தில் மக்கள் நீண்ட வரிசையில் நின்று, உற்றார்க்கும் நண்பர்க்கும் இறுதித் தந்தி விடுத்தனர். நாளேடுகள் கண்ணீர் வடித்தன. மோர்சு குறியீட்டின் புகழ் பேசப்பட்டது. சாவுச் செய்தி சுமந்து வந்த காகிதத்தைக் கண்டு வீடுகள் நடுங்கிய கதைகள் மீண்டும் சொல்லப்பட்டன. ஆயின், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அச்செய்திகளைக் காதால் கேட்டுக் கையால் எழுதிக் கால்நடையாய்க் கொண்டு சேர்த்த தொழிலாளரைப் பற்றி எழுதியவர் எத்துணைப் பேர்? பொறிக்கு இரங்கற்பா கிடைத்தது; பொறியை இயக்கியவனுக்கு ஒரு வரியும் கிடைக்கவில்லை.

இம்மறதி அன்று தோன்றியதன்று. பள்ளிப் பாடங்களைப் புரட்டினால் தந்தி, ஒரு கொடையாகவே காட்சி தருகிறது. டல்கௌசிப் பிரபு நாட்டுக்கு அளித்தவை இருப்புப்பாதை, அஞ்சல், தந்தி என மாணவர் மனனம் செய்கின்றனர். ஓஷானசி என்னும் மருத்துவர் கல்கத்தாவின் அருகே ஆய்வு நடத்தியதும், 1855இல் தந்தி பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்ததும் உண்மையே. எனினும் ஒரு பேரரசு காடும் மேடும் கடந்து கம்பி இழுத்தது மக்கள் நலம் விசாரிக்கவோ? படையை விரைந்து நகர்த்தவும், சந்தை விலையை முந்தி அறியவுமே இழுத்தது. 1857இல் அக்கம்பி தன் எசமானர்க்கு ஆற்றிய தொண்டு உலகறிந்தது. தில்லி வீழுமுன் அங்கிருந்த தந்தி ஊழியர் அம்பாலாவுக்கு விடுத்த எச்சரிக்கையே பஞ்சாபிலிருந்த ஆங்கிலேய அதிகாரிகளை விழிப்படையச் செய்தது. அவ்வூழியர்க்கு 1902இல் தில்லிக் காசுமீரி வாயிலருகே ஒரு கல்தூண் எழுப்பப்பெற்றது. அரசுக்காகச் சாவியைத் தட்டிய கைகளுக்குத் தூண் உண்டு. தமக்காகச் சாவியை விட்டெடுத்த கைகளுக்கு?

அத்தூண் எழுந்த ஆறே ஆண்டுகளில், 1908இல், அதே துறையில் ஒரு பொது வேலைநிறுத்தம் வெடித்தது. 1906-07இல் அமைந்த குழுவொன்றைத் தொடர்ந்து பணிமுறை மாற்றங்கள் தலைமேல் வந்து விழுந்தன. வேலை நேரம், இரவுப் பணி, போதாத ஊதியம் என மனக்குறைகள் முன்னமே குவிந்து கிடந்தன. தந்தி எழுத்தன் வேலை எத்தகையது என்பதை ஈண்டு எண்ணிப் பார்த்தல் வேண்டும். கருவி எழுப்பும் குறுவொலி நெட்டொலிகளை ஓர் எழுத்தும் பிசகாமல் செவி வாங்க வேண்டும். அதே கணத்தில் கை எழுத வேண்டும். கண்ணயர்ந்தால் ஒரு வணிகனின் ஆயிரங்கள் பாழாகும், தண்டனை எழுத்தனுக்கு. இவ்வாறு உழைத்தவர்களே அவ்வாண்டு கிளர்ந்தெழுந்தனர்.

கல்கத்தாவில் தந்திச் சேவகரும் போராட்டத்தில் இறங்கினர். இரங்கூன், பம்பாய், சென்னை, கராச்சி, இலாகூர் என நகர்தோறும் கிளர்ச்சி பரவியது. ஹென்றி பார்ட்டன் என்பவர் சங்கத்தின் குரலாக நின்றார். ஆங்கிலோ இந்தியர், ஐரோப்பியர், இந்தியர், பர்மியர் என நிறத்தாலும் சமயத்தாலும் வேறுபட்டோர் ஒரே கோரிக்கைக்காக ஒன்றுபட்டனர். ஓரூரில் எடுத்த முடிவை ஆயிரம் கல் தொலைவிலிருந்த தோழர் அறிந்தது எவ்வாறு? அதே தந்திக் கம்பி வழியேதான்! அரசு ஆள்வதற்கென அமைத்த கருவியே அரசை எதிர்ப்போரின் நாவாயிற்று. செய்திகள் தேங்கின, ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் கதறின. அந்நாள்வரை எழுத்தனைக் கருவியின் ஓர் உறுப்பென மதித்தவர்கள், அவன் ஒரு மனிதன் என்பதை அவனில்லாத மேசையைக் கண்டு உணர்ந்தனர்.

இத்துணைப் பெரும் நிகழ்ச்சி எங்ஙனம் மறைந்தது? அதே 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்ற அப்போராட்டம் வென்றது. அதனைத் தமிழர் போற்றுவர், போற்றவும் வேண்டும். அதே ஆண்டு ஜூலையில் திலகர் பெற்ற தண்டனையை எதிர்த்துப் பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஆறு நாள் வேலை துறந்தனர். அதுவும் ஏட்டில் இடம்பெற்றது. தந்தித் தொழிலாளர் போராட்டத்தின் முன்னணியில் நின்றோரோ ஆங்கிலோ இந்தியர். அவர்கள் அரசின் ஊழியர். 'வந்தே மாதரம்' முழங்கியவர் அல்லர். ஆகவே நாட்டு விடுதலை வரலாற்றில் அவர்களுக்கு இருக்கை இல்லை. ஆங்கில அரசின் வரலாற்றிலோ அவர்கள் நன்றி கெட்டவர்கள். இரு வீட்டாரும் கைவிட்ட குழந்தையாயிற்று அவ்வேலைநிறுத்தம்.

இதற்கு மறுப்புரைப்போர் உளர். ஆங்கிலோ இந்திய எழுத்தருக்கு மிக்க ஊதியம், இந்தியருக்குக் குறைந்த ஊதியம் என்னும் பாகுபாடு அத்துறையில் இருந்ததன்றோ, சலுகை பெற்றோரின் சச்சரவைத் தொழிலாளர் போராட்டம் எனல் தகுமோ என்பர். பாகுபாடு இருந்தது, அதனை மூடி மறைத்தல் கூடாது. ஆனால், அப்பாகுபாட்டைப் படைத்தவன் எழுத்தன் அல்லன், ஆட்சியாளன். பிரித்து வைத்தவன் எதிர்பாராத வகையில் பிரிந்தோர் சேர்ந்தனர் என்பதே 1908இன் சிறப்பு. மேலும், 1899இல் ஜி.ஐ.பி. இருப்புப்பாதையின் தந்தி எழுத்தர் வேலை நிறுத்தியபோது திலகரின் ஏடுகள் மாதக்கணக்கில் ஆதரித்து எழுதின. பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. அங்கே தொழிலாளர் இந்தியர், முதலாளி வெள்ளையன். ஒருவன் உழைப்பின் நியாயத்தை அவன் தோலின் நிறம் கொண்டு அளப்பதாயின், அளவுகோலில்தான் கோணல் உள்ளது.

1918 ஏப்ரலில் வாடியாவும் திரு.வி.க.வும் கண்ட சென்னைத் தொழிலாளர் சங்கத்திலிருந்தே இந்தியத் தொழிற்சங்க வரலாற்றைத் தொடங்குவது நூலாசிரியர் பலர்க்கு வழக்கம். முறையாக அமைந்த சங்கங்களுள் அஃது முன்னோடி; மறுப்பாரில்லை. அதற்குப் பத்தாண்டு முன்னரே ஒரு துணைக்கண்டத்தை அசைத்தவர்களை அடிக்குறிப்பிலும் காணோமே என்பதே வினா.

1946 ஜூலை 11ஆம் நாள் அஞ்சல் ஊழியர் நாடெங்கும் வேலைநிறுத்தம் தொடங்கினர்; தந்தி, தொலைபேசிப் பிரிவினரும் அவ்வலையில் இணைந்தனர். ஜூலை 29ஆம் நாள் அவர்கட்கு ஆதரவாகக் கல்கத்தா நகரமே முழு அடைப்பில் நின்றது. அடுத்த மூன்று வாரங்களுக்குள் சமயக் கலவரக் குருதியில் மிதந்தது அதே நகரம்தான் என்பதை எண்ணுகையில், ஜூலை 29இன் அருமை விளங்கும்.

விடுதலை வந்தது; தொழிலாளன் துயர் தீர்ந்ததோ? 1954இல் அஞ்சல் தந்தி ஊழியர் சங்கங்கள் ஒரு தேசியக் கூட்டமைப்பாகத் திரண்டன. 1957இல் 15ஆம் இந்தியத் தொழிலாளர் மாநாட்டில், குடும்பத்தின் உணவு, உடை, உறையுள் ஆகியவற்றைக் கணக்கிட்டே குறைந்த ஊதியம் வகுக்க வேண்டும் என அரசும் உடன்பட்டது. இரண்டாம் ஊதியக்குழு தன் அறிக்கையில் அவ்வளவைக் கைக்கொள்ளவில்லை. ஊர்க்கு உபதேசம், தன் வீட்டில் வேறு கணக்கு! 1960 ஜூலையில் மைய அரசு ஊழியர் ஐந்து நாள் வேலை நிறுத்தினர். அவசரச் சட்டம் பாய்ந்தது. சங்கங்களின் ஏற்பிசைவு பறிக்கப்பட்டது. அவ்வமயம் தலைமையமைச்சராக இருந்த நேரு, 1929இல் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர். 1968 செப்டம்பர் 19ஆம் நாள் அதே கோரிக்கைக்காக ஒரே ஒரு நாள் வேலை நிறுத்தியோர்க்கும் சிறையும் பணிநீக்கமும் கிடைத்தன. சுடப்பட்டு மாண்டோரும் உண்டு.

"அன்னை சாகக் கிடக்கும் செய்தி மேசையில் முடங்கிக் கிடக்கலாமா?" என்பது அன்று கேட்கப்பட்ட கேள்வி. நெஞ்சைத் தொடும் கேள்விதான். விடை கூறாது கடத்தல் முறையன்று. முடங்கிய செய்தியால் ஒரு மகன் அன்னையின் முகம் காணாமற் போயிருந்தால், அவ்விழப்புக்கு ஈடில்லை. ஆயின், சேவை அத்துணை இன்றியமையாதது என்றால், அதனைச் செய்பவன் பசியும் இன்றியமையாத பொருளன்றோ? முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் அவன் முறையீட்டைக் கேளாத செவிகள், முந்நூற்று அறுபத்தைந்தாம் நாள் மட்டும் பொதுமக்கள் துயருக்காகத் திறப்பது எவ்வகை அறம்?

இது தந்தி மேசையோடு ஒழிந்த வழக்கன்று. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் வேலை நிறுத்திய அரசு ஊழியரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 1,70,000 பேர் இன்றியமையாப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் ஒரே வீச்சில் நீக்கப்பட்டனர். பெரும்பாலோர் பின்னர் மீண்டனர். எனினும் அவ்வழக்கில் ஆகஸ்டு 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லையெனத் தீர்ப்பு வழங்கியது. 1960இல் தந்தி ஊழியன்மேல் வீசப்பெற்ற வலை, நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்துத் தமிழாசிரியன்மேலும் விழுந்தது.

தந்தியைப் பற்றிய பாடம் நடத்தும் வகுப்பறைகளில் மோர்சின் பெயரும் டல்கௌசியின் பெயரும் கரும்பலகையில் எழுதப்படுகின்றன. 1908 என்னும் ஆண்டை அவற்றின் கீழ் எழுதச் சுண்ணக்கட்டியில் ஒரு விரற்கடை தேய்ந்தால் போதும். தில்லியில் அத்தூண் இன்றும் நிற்கிறது. அதில் பொறிக்கப்பட்டுள்ளவை 1857இன் பெயர்கள் மட்டுமே.