சாக்கு போர்த்திய பசு

மார்ச் மாத நண்பகல். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே நெடுஞ்சாலையை விட்டு எந்தப் பக்கம் இறங்கினாலும் ஒரே காட்சிதான். ரப்பர் தோட்டத்தின் ஓரம், மரச்சீனி நட்ட துண்டு நிலம், இல்லையென்றால் தரிசாகக் கிடக்கும் வயல். அதில் ஒரு மரத்தில் கட்டிய பசு. ஒன்றுதான், மிஞ்சிப்போனால் இரண்டு. சிலவற்றின் முதுகில் காலையில் நனைத்துப் போட்ட சணல் சாக்கு. தமிழிலும் சாக்கு, மலையாளத்திலும் சாக்கு. எல்லையில் மொழிபெயர்ப்பு தேவைப்படாத சொற்களில் அது ஒன்று.

மாட்டின் மேல் அன்போடு போர்த்தியதுதான். ஆனால், மேயவிட்ட விலங்கின் உடம்பில் மனிதன் மாட்டிவிட்டுப் போகும் எந்தப் பொருளும், அவன் போன பிறகு என்ன செய்கிறது என்பது தனிக் கதை.

குளிர்நாட்டுக் குதிரைக்காரர்கள் இதைக் கண்டு அனுபவித்தவர்கள். பிரிட்டனில் குளிர்காலத்தில் குதிரையை மேய்ச்சலுக்கு விடும்போது, மழை புகாத தடித்த போர்வையைப் போர்த்தி, நெஞ்சிலும் வயிற்றடியிலும் பின்னங்கால்களைச் சுற்றியும் வார் போட்டு இறுக்குவார்கள். வார் தளர்ந்திருந்தால் குதிரை படுத்துப் புரளும்போது கால் அதில் சிக்கிக்கொள்ளும். போர்வை ஒரு பக்கம் சரிந்து கால்களில் தட்டினால் மிரண்டு வேலியில் போய் விழும். காலையில் உறைபனி, நண்பகலில் வெயில் என்றால் உள்ளே வெந்துபோகும். இன்னொன்று, போர்வைக்கு அடியில் குதிரை மெலிவதும் தோள் புண்ணாவதும் யார் கண்ணிலும் படாது. அதனால் அங்கே முதல் விதி, தினமும் கழற்றிப் பார்ப்பது. மிருகம் மிரண்டு இழுத்தால் தானே அறுந்துவிடும் தலைவாரைத்தான் மேய்ச்சலில் போட வேண்டும் என்பது இன்னொரு விதி.

எல்லைக் கிராமத்துச் சாக்குக்கு வாரெல்லாம் கிடையாது. ஆனால் கணக்கு ஒன்றுதான். ஈரச் சாக்கு குளிர்ச்சி தருவது, அதிலுள்ள நீர் ஆவியாகும்போது மட்டுமே. காற்றோட்டமுள்ள நிழலில், அடிக்கடி தண்ணீர் ஊற்றினால் நல்ல மருந்து. கடலுக்குப் பக்கத்திலுள்ள புழுக்கத்தில், காற்று அசையாத தோட்டத்துக்குள் அது வெந்த துணியாகிவிடும். காய்ந்த பின் வெறும் கம்பளி. குதிரைக்காவது நன்றாக வேர்க்கும். பசுவுக்கு அந்த அளவு வேர்வை கிடையாது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். வாயில் நுரை தள்ளி, நாக்கைத் தொங்கவிட்டு, தீனியை மறுத்தால் நிலைமை கைமீறுகிறது என்று பொருள்.

ரப்பர் மரத்தடியில்தானே கட்டியிருக்கிறது என்று சமாதானம் சொல்லலாம். ரப்பர் ஒரு விசித்திர மரம். மார்கழி, தையில் மொத்த இலையையும் உதிர்த்துவிடும். வெயில் ஏறத் தொடங்கும் நாட்களில், நிழல் மிகத் தேவைப்படும்போது, தோட்டம் மொட்டையாக நிற்கும். காலை எட்டு மணிக்கு இருந்த நிழல் பதினொன்றுக்கு வேறு இடம் போய்விடும். பசு போக முடியாது.

பசுவும் பழைய பசு அல்ல. 1963-ல் மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்தோ-சுவிஸ் திட்டத்தில், உள்ளூர் மாட்டோடு சுவிட்சர்லாந்தின் பிரவுன் சுவிஸ் இனத்தைக் கலந்து உருவானது கேரளத்தின் சுனந்தினி. அந்தக் கலப்பினங்கள்தான் இன்று சின்னக் குடும்பங்களின் பால் பாத்திரத்தை நிரப்புகின்றன. நாட்டு மாடு தாங்கிய வெயிலை அவை தாங்குவதில்லை. 2024 கோடையில் கேரளத்தில் நூற்றுக்கணக்கான கறவை மாடுகள் வெப்பத்தால் செத்தன. பகல் 11 முதல் 3 வரை மாட்டை வெளியில் கட்டாதீர்கள் என்பது அரசின் அறிவுரை. நியாயமான அறிவுரை. அந்த நேரத்தில் மாட்டுக்காரி எங்கே இருக்கிறாள் என்பதை மட்டும் அது கேட்பதில்லை. அவள் விடிகாலையில் கறந்து, பாலைச் சங்கத்தில் ஊற்றி, பசுவை மரத்தில் கட்டி, சாக்கை நனைத்துப் போட்டுவிட்டு ஊரக வேலைத் திட்டத்து வேலைக்கோ முந்திரி ஆலைக்கோ போயிருப்பாள். மாற்றிக் கட்ட ஆளில்லை. சாக்கு, ஆளில்லாத குறைக்குப் போட்ட சாக்கு.

அடுத்தது கயிறு. தென்னை மட்டையை ஊறவைத்து நார் எடுத்த கடற்கரைக்குப் பக்கத்திலேயே இன்று மாட்டின் கழுத்தில் கிடப்பது நைலான். மலிவு, மக்காது, அறாது. அறாதது என்பதுதான் தொல்லை. பழைய கயிறு, மாடு உயிருக்குப் போராடி இழுத்தால் ஒரு இடத்தில் விட்டுக்கொடுக்கும். நைலான் சதையை அறுக்கும். சுருக்கு முடிச்சாக இருந்தால் இழுக்க இழுக்க இறுகும். ரப்பர் தோட்டங்கள் சரிவில் படிப்படியாக வெட்டியவை. மேல்தட்டில் கட்டிய பசு கால் வழுக்கிக் கீழ்த்தட்டுக்கு இறங்கினால், கயிறு அரை முழம் குறைவாக இருந்தாலே போதும், கழுத்தில் தொங்கும். நீளமாக விட்டாலோ மரத்தைச் சுற்றிச் சுற்றித் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும், பக்கத்து மரச்சீனியை மேயும். மரச்சீனி இலையிலும் தோலிலும் சயனைடு உண்டு. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பசிக்கிற பசுவுக்குத் தெரிவதில்லை.

இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து பிற்பகலில் வருகிறது. ஏப்ரல், மேயிலும் துலா மழைக் காலமான அக்டோபர், நவம்பரிலும் அகத்தியமலைப் பக்கம் மேகம் திரண்டால் இடி உறுதி. மரத்தில் மின்னல் விழுந்து நிலத்தில் பரவும்போது, முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே உள்ள தூரமே பசுவுக்கு எமன். மனிதன் கால்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். நான்கு கால் பிராணியால் முடியாது. மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாய்ந்துவிடும்.

கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் இடிமின்னல் எச்சரிக்கையில் இதற்கு இரண்டு வாக்கியம் ஒதுக்கியிருக்கிறது. வளர்ப்பு விலங்குகளைத் திறந்தவெளியில் கட்டாதீர்கள். மழைமேகம் தெரியும் நேரத்தில் அவற்றை அவிழ்த்து மாற்றிக் கட்டவும் போகாதீர்கள். இரண்டாவது வாக்கியத்தைப் பாலை நம்பிப் பிழைக்கும் பெண்ணிடம் படித்துக் காட்டிப் பார்க்க வேண்டும். பசுவின் விலை பல ஆயிரம். அதில் கடன் தவணை பாக்கி இருக்கும். முதல் இடி முழங்கியதும் அவள் ஓடுவது வீட்டுக்குள் அல்ல.

சட்டம் இல்லாமல் இல்லை. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம், 11-வது பிரிவில், நியாயமற்ற நேரம் குட்டையான அல்லது கனமான கயிற்றில் கட்டிவைப்பதைக் குற்றம் என்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. மில்மா பால் ஒரு லிட்டர் இன்று அதைவிட விலை அதிகம். நல்லவேளை, இந்தப் பெண்களிடம் யாரும் அதை வசூலிக்கப் போவதில்லை. அவர்களுக்கு வேண்டியது அபராதமும் அல்ல. நாலு வீட்டுக்குப் பொதுவாக ஓர் ஓலைக்கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, நண்பகலில் போய்ப் பார்த்துவர கூலிக்கு ஓர் ஆள்.

1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்றிலிருந்து ஒரே ரப்பர் தோட்டத்தின் இரு ஓரத்திலும் கட்டிய பசுக்களுக்கு இரண்டு கால்நடைத் துறைகள். அறிவிப்பு ஒரு பக்கம் மலையாளத்தில் வரும், மறுபக்கம் தமிழில். மேகத்துக்கு அந்தப் பாகுபாடு இல்லை. மூன்றரை மணிக்குக் கிழக்கே கறுத்தால், களியக்காவிளைக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் தலையில் முக்காட்டோடு பெண்கள் தோட்டங்களுக்குள் ஓடுகிறார்கள். நைலான் முடிச்சு நனைந்தால் விரலுக்கு அவிழாது. சிலர் இடுப்பில் அரிவாள் வைத்திருக்கிறார்கள்.