ஜெர்சியின் நிறமா, பிள்ளைகளின் ஆட்டமா?

ஒரு சின்னக் கணக்கில் ஆரம்பிப்போம். அயர்லாந்தின் மேற்குப் பக்கம் ஒரு கிராமம். ஊர் தொடக்கப்பள்ளியில் எட்டு வகுப்புகள், மொத்தம் 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். வகுப்புக்கு 5 பேர். அதில் பாதி பையன்கள் என்றால் 2 அல்லது 3 பேர். 14 வயதுக்கு உட்பட்டோர் அணிக்கு இரண்டு வருடப் பிள்ளைகளைச் சேர்த்து எண்ணினாலும் 5 பேர்தான் தேறுவார்கள். கேலிக் கால்பந்தில் முழு அணி என்பது 15 பேர். மீதி 10 பேருக்கு எங்கே போவது?

பக்கத்து ஊரிலும் இதே கதைதான். அதற்கு அடுத்த ஊரிலும் இதே கதைதான். மூன்று ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்தால் ஓர் அணி தயார். ஆனால் சேர்க்க மாட்டார்களாம். ஏன்? ஊர்ப் பெருமை!

ஆட்டத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாக ஓர் அறிமுகம். கேலிக் கால்பந்தில் பந்தைக் காலாலும் உதைக்கலாம், கையாலும் தட்டலாம். இதை நடத்துவது 1884-ல் தர்லஸ் நகரில் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம். ஆடுபவர் யாருக்கும் சம்பளம் கிடையாது, நட்சத்திர வீரர்களுக்கும் சேர்த்துத்தான். கிளப்புகளின் எல்லை பெரும்பாலும் தேவாலயப் பங்கின் எல்லைதான். பிறந்த ஊரின் கிளப்புக்குத்தான் ஆட வேண்டும் என்பது அங்கே கிட்டத்தட்ட எழுதாத சட்டம். அப்பா போட்ட நிறத்தைத்தான் மகனும் போடுவான்.

இந்தப் பற்று கேலிக்குரிய விஷயம் அல்ல. காசு வாங்காமல் மைதானத்துக்குப் புல் வெட்டுவதும், கோடு போடுவதும், பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போவதும் இந்தப் பற்று இருப்பதால்தான் நடக்கிறது. ஆனால் எல்லைக்கோடு போட்ட காலத்து ஜனத்தொகை இன்று இல்லையே! லீட்ரிம் கவுண்டியில் 1841-ல் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். பஞ்சம், கப்பலேற்றம், டப்ளின் வேலை என்று ஊர் காலியாகி, 2022 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் சுமார் 35 ஆயிரம் பேர். அதே கணக்கெடுப்பில் டப்ளினில் 14 லட்சத்துக்கும் மேல். அங்கே ஒரே கிளப்பில் ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள். இங்கே ஆள் தேடி வீடு வீடாகப் போகிறார்கள்.

தனியாகவே ஆடுவோம் என்று அடம்பிடிக்கும் கிளப் என்ன செய்கிறது? 16 வயதுக்கு உட்பட்டோர் அணியில் ஆள் போதாவிட்டால் 13 வயதுப் பையனை இழுத்து நிறுத்துகிறது. எதிரே நிற்பவன் அவனைவிட ஒரு தலை உயரம். இடித்தால் இவன் விழுகிறான். ஒவ்வொரு வாரமும் பெரிய வித்தியாசத்தில் தோல்வி. சில வாரம் அதுவும் இல்லை, ஆள் சேராமல் ஆட்டத்தையே விட்டுக்கொடுக்கிறார்கள். பெரியவர்களோ, "பரவாயில்லை, நம்ம ஜெர்சியில்தானே ஆடினோம்" என்கிறார்கள். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லையாம். மீசையே முளைக்காத பையன்தான் விழுந்தவன் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. அடுத்த வருடம் அவன் மைதானத்துக்கு வராவிட்டால், "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஆர்வமே இல்லை" என்று புலம்புவதும் இவர்களேதான்.

சரி, எதிர்த் தரப்பு சொல்வதையும் பார்ப்போம்.

"இன்று பிள்ளைகள் அணியை இணைத்தால் நாளை கிளப்பையே இணைக்கச் சொல்வார்கள்." வணிகவியல் முதலாண்டு மாணவனுக்கே தெரிந்த வித்தியாசம் இது. இரண்டு கம்பெனிகள் ஒன்றாகக் கரைவது வேறு, ஒரு வேலைக்காக மட்டும் கூட்டுச் சேர்வது வேறு. கூட்டில் இரண்டு பேருடைய கணக்குப் புத்தகமும் தனித்தனியாகவே இருக்கும். பெரியவர்கள் ஆட்டத்தில் கெர்ரி கவுண்டி இதைச் செய்துதான் காட்டுகிறது. அங்கே சிறிய கிளப்புகள் சேர்ந்து வட்டார அணியாகக் கவுண்டி சீனியர் கோப்பையில் ஆடுகின்றன. டேவிட் கிளிஃபோர்டின் சொந்த கிளப் ஃபாஸா. 2022-ல் அவர் கிழக்கு கெர்ரி வட்டார அணிக்காக ஆடிக் கவுண்டி சீனியர் கோப்பையை வென்றார். 2023 ஜனவரியில் அதே மனிதர் ஃபாஸா ஜெர்சியில் அகில அயர்லாந்து ஜூனியர் கிளப் கோப்பையையும் வென்றார். ஃபாஸா கரைந்தா போய்விட்டது?

"இணைத்தால் 30 பேர் வருவார்கள், பாதிப் பேர் பெஞ்சில் உட்கார வேண்டும்." இது நியாயமான பயம். கோப்பைக்காகவே நல்ல வீரர்களை ஒரே அணியில் குவிப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்தான். ஆனால் அதற்கு மருந்து இணைக்காமல் இருப்பது அல்ல. 30 பேர் வந்தால் இரண்டு அணியாக இறக்க வேண்டியதுதானே!

"9 பேர், 11 பேர் ஆட்டம் வைத்தால் போதாதா?" 9 பேர் இருந்தால் தாராளமாக வைக்கலாம். அதுதான் முதல் வழி. 5 பேரை வைத்துக்கொண்டு 9 பேர் ஆட்டம் எப்படி ஆடுவது?

"பெரிய ஊர் சின்ன ஊரை விழுங்கிவிடும்." விழுங்கும், எழுதி வைக்காவிட்டால். அதனால் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அணிக்குப் புதுப் பெயர், புது நிறம். பயிற்சி இந்த வாரம் இந்த ஊர் மைதானம், அடுத்த வாரம் அந்த ஊர் மைதானம். ஒவ்வொரு கிளப்பிலிருந்தும் ஒரு கோச். ஒப்பந்தம் 2 வருடத்துக்கு மட்டும். ஆள் எண்ணிக்கை கூடிவிட்டால் பிரிந்துகொள்ளலாம். 12 வயது வரை சிறிய அணி ஆட்டம்தான் என்பதால் அவரவர் ஊர் ஜெர்சியிலேயே ஆடட்டும், ஊர்ப் பாசம் அங்கே வேர் பிடிக்கட்டும். 18 தாண்டினால் மறுபடி சொந்த கிளப்பின் பெரியவர் அணி. இடையில் உள்ள அந்த ஐந்தாறு வருடத்துக்குத்தான் இந்தக் கூட்டு. பிள்ளைகள் ஆட்டத்தை விட்டு ஓடிவிடும் ஆபத்து அதிகமுள்ள வருடங்களும் அவைதான்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. மூன்று ஊர்ப் பிள்ளைகளும் ஒரே மேல்நிலைப் பள்ளிக்கு, பெரும்பாலும் ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள். ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள், பள்ளி அணியில் ஒன்றாகவே ஆடுகிறார்கள். அவர்களுக்கு இல்லாத பகை கமிட்டி மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு மட்டும் எதற்கு?

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும். பிள்ளைகள் சுவர், ஜெர்சி சித்திரம். 14 வயதில் ஆட்டத்தை விட்டவன் 24 வயதில் சீனியர் அணிக்கு வந்து நிற்கப்போவதில்லை. இன்று பிள்ளைகள் அணியை இணைக்க மறுக்கும் கிளப், பத்து வருடம் கழித்துப் பெரியவர் அணியையே மூடிவிட்டுப் பக்கத்து ஊர் வாசலில் போய் நிற்கும். அன்றைக்குப் பேரம் பேசக் கையில் ஒன்றும் இருக்காது. இணைவதாக இருந்தால் கையில் ஐந்து பிள்ளைகளாவது இருக்கும்போதே இணைய வேண்டும்.