விளையும் பயிரும் விலை போகும் பயிரும்

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இருபது வருஷங்களாகப் பள்ளிக்கூடத்தில் முளைகளோடு மாரடித்து வருகிற நமக்கு இந்தப் பழமொழியில் எப்போதுமே கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஆனால் ஓர் உபாத்தியாயரின் சந்தேகத்தை யார் பொருட்படுத்தப் போகிறார்கள்? நல்ல வேளையாக, இதே பழமொழியைக் கோடிக்கணக்கான ரூபாய் செலவில் வருஷந்தோறும் பரீட்சை செய்து பார்க்கிற சில பெரிய மனிதர்கள் நம் தேசத்தில் இருக்கிறார்கள். ஐ.பி.எல். கிரிக்கெட் கோஷ்டிகளின் முதலாளிகளைத்தான் சொல்லுகிறோம்.

2008-ல் தொடங்கிய இந்த ஏலத்தை ஒரு தடவையாவது தொலைக்காட்சியில் பாராத வீடு இன்று அபூர்வம். பத்துக் கோஷ்டியார் பத்து மேஜைகளைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். ஒரு வாலிபனுடைய பெயரும் அவனுடைய ஆரம்ப விலையும் வாசிக்கப்படுகின்றன. வேண்டுமென்கிறவர்கள் கையிலுள்ள பலகையை உயர்த்துகிறார்கள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்! சுத்தியல் விழுந்தால் தீர்ந்தது. நம் ஊர் மாட்டுச் சந்தையில் தரகர் துண்டை மேலே போட்டு, விரலைத் தொட்டு, இரகசியமாக விலை பேசுவார். இங்கே துண்டு கிடையாது. எல்லாம் வெட்ட வெளிச்சம். பல்லைப் பிடித்துப் பார்த்துச் சுழி தேடுவதற்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்கிறார்கள். ஆலோசனை சொல்லப் பழம் பெரும் ஆட்டக்காரர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். இத்தனை ஏற்பாடுகளுக்குப் பிறகு முளையைப் பார்த்துப் பயிரைச் சொல்லுவது சுலபமாக அல்லவா இருக்க வேண்டும்?

நடந்ததைப் பாருங்கள். 2024 நவம்பரில் ஜெட்டா நகரத்தில் நடந்த ஏலத்தில் ஸ்ரீ ரிஷப் பந்த் 27 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். அது அதுவரை யாருக்கும் கிடைக்காத விலை. இத்தனைக்கும் அவர் நேற்று முளைத்த முளையல்ல, உலகமறிந்த ஆட்டக்காரர். 2025-ம் வருஷப் போட்டியில் அவர் 14 ஆட்டங்களில் எடுத்த ஓட்டங்கள் 269. அவற்றில் 118 ஓட்டங்கள் கடைசி ஆட்டம் ஒன்றிலேயே வந்தவை. அதே போட்டியில் எல்லாரிலும் அதிகமாக 759 ஓட்டங்கள் குவித்தவர் நம் சென்னைப் பிள்ளை ஸ்ரீ சாய் சுதர்சன். 2022 ஏலத்தில் அவரை எவ்வளவுக்கு எடுத்தார்கள் தெரியுமா? ஆரம்ப விலையான 20 லட்சத்துக்கு! 2023-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஏலத்தில் கோவைக் கோஷ்டியார் அவருக்குக் கொடுத்தது 21 லட்சத்து 60 ஆயிரம். உள்ளூர்ச் சந்தையில் கிடைத்த விலையைவிட உலகச் சந்தையில் கிடைத்த விலை குறைவு! பிறகு விழித்துக்கொண்ட முதலாளிகள் எட்டரைக் கோடி கொடுத்து அவரைத் தக்கவைத்துக் கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டியில் பிறந்த ஸ்ரீ நடராஜனின் கதை இதைவிட விசித்திரமானது. இருபது வயது வரையில் டென்னிஸ் பந்திலேயே விளையாடிக் கொண்டிருந்தவர் அவர். 2017-ல் ஆரம்ப விலை 10 லட்சமாயிருந்த அவரைப் பஞ்சாப் கோஷ்டியார் 3 கோடிக்கு எடுத்தார்கள். ஆறு ஆட்டங்களில் இரண்டே விக்கெட்டுகள் விழுந்தன. மறு வருஷம் அவருடைய விலை 40 லட்சமாயிற்று. ஹைதராபாத் கோஷ்டியில் 2018, 2019 ஆகிய இரண்டு வருஷங்களும் ஓர் ஆட்டங்கூட ஆடாமல் உட்கார்ந்திருந்தார். 2020-ல் சந்தர்ப்பம் வாய்த்தது. 16 விக்கெட்டுகள் எடுத்தார். அவ்வருஷக் கடைசியில் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று, ஒரே சுற்றுப்பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக முதன் முதலில் ஆடினார். இப்போது அவருக்கு ஏலத்தில் 10 கோடியே 75 லட்சம் கொடுப்பதில் என்ன ஆச்சரியம்? ஜெட்டாவில் டெல்லிக் கோஷ்டியார் அப்படியே கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு 2025-ல் இரண்டே ஆட்டங்களில்தான் அவரை ஆடவிட்டார்கள்! 40 லட்சத்து நடராஜன் கீர்த்தி அடைந்தார். பத்தே முக்கால் கோடி நடராஜன் பெஞ்சியில் அமர்ந்தார்.

ஸ்ரீ வருண் சக்கரவர்த்தி கட்டடக் கலை படித்துப் பட்டம் பெற்றுச் சில காலம் அந்தத் தொழிலும் பார்த்தவர். 2018 டிசம்பர் ஏலத்தில் 20 லட்சத்தில் ஆரம்பித்த அவருடைய விலை 8 கோடியே 40 லட்சத்தில் போய் நின்றது. மறு வருஷம் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். அதில் வீசிய முதல் ஓவரிலேயே 25 ஓட்டங்கள் போயின. பிறகு விரலில் காயம். வாங்கியவர்கள் விட்டுவிட்டார்கள். கல்கத்தாக் கோஷ்டியார் பாதிக்கும் குறைவாக, 4 கோடிக்கு எடுத்தார்கள். 2024-ல் அவர் 21 விக்கெட்டுகள் எடுக்க, அந்தக் கோஷ்டி கோப்பையை வென்றது. 2025-ல் இந்தியா சாம்பியன்ஸ் கோப்பையை வென்றபோது மூன்றே ஆட்டங்களில் 9 விக்கெட்டுகள் எடுத்தவரும் அவரே.

இவ்வளவு புத்திசாலிகள் கூடி உட்கார்ந்தும் கணக்கு ஏன் இப்படித் தவறுகிறது? காரணங்கள் மூன்று என்று நமக்குத் தோன்றுகிறது. முதலாவது, வாலிபன் விஷயத்தில் அவர்கள் பார்த்திருப்பது கொஞ்சம். உள்ளூர்ப் போட்டியில் ஏழெட்டு ஆட்டங்கள் பார்த்துவிட்டு, உலகத்தின் முதல் தரமான ஆட்டக்காரர்களுக்கு எதிரே அவன் என்ன செய்வான் என்று ஊகிக்கிறார்கள். இரண்டாவது, ஏலத்தில் விலையை நிர்ணயிப்பது அவனுடைய திறமை அன்று. வேண்டுமென்கிற இருவருடைய பிடிவாதமும் அவர்கள் பையில் மிஞ்சியிருக்கிற பணமுந்தான். மூன்றாவது, வாங்கிய பிறகு அவனுக்கு என்ன வேலை கொடுக்கப் போகிறார்கள், அவன் முழங்காலும் விரலும் எப்படி இருக்கப் போகின்றன என்பதைச் சுத்தியல் விழும்போது யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது காரணத்தைக் கண்டுபிடித்தவர்கள் கிரிக்கெட்காரர்கள் அல்லர். எண்ணெய்க் கம்பெனி எஞ்சினியர்கள். கடலடியிலுள்ள எண்ணெய்க்காக ஏலம் கேட்டு ஜயித்த கம்பெனிகளுக்கு எதிர்பார்த்த லாபம் வராததைக் கண்டு, மூன்று அமெரிக்கர்கள் 1971-ல் காரணத்தை எழுதினார்கள். பத்துப் பேர் ஒரு பொருளை மதிப்பிட்டால், எல்லாரிலும் அதிகமாக மதிப்பிட்டுத் தவறு செய்தவனிடந்தான் ஏலம் போய்ச் சேரும். 'ஜயித்தவன் சாபம்' என்று இதற்குப் பெயர்.

அமெரிக்காவில் ஏலம் வேண்டாமென்று வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஓர் ஆட்டத்துக்கு அவர்கள் 'கால்பந்து' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அதற்குக் கலாசாலை மாணவர்களை வரிசையாகப் பொறுக்குவார்கள். போன வருஷம் கடைசியாக வந்த கோஷ்டிக்கு முதல் உரிமை. ஓட வைத்து, தாண்ட வைத்து, உயரம் எடை அளந்து, கேள்வி கேட்டுப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். ஆனாலும் 2000-ம் வருஷத்தில் மிச்சிகன் சர்வகலாசாலை மாணவரான டாம் பிராடி என்பவரை 199-வதாகத்தான் எடுத்தார்கள். அவர் பின்னால் ஏழு தடவை அந்த ஆட்டத்தின் மகுடத்தைச் சூடினார்! 2013-ல் மாஸி, தேலர் என்ற இரு பேராசிரியர்கள் இந்தப் பொறுக்கலை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே இடத்துக்கு அடுத்தடுத்து எடுக்கப்படும் இருவரில் முன்னால் எடுக்கப்பட்டவரே சிறந்தவராக விளங்குவது நூற்றுக்கு 52 தடவைதானாம். காசைச் சுண்டிப் பார்த்தால் 50! மிச்சம் இரண்டு, அத்தனை நிபுணர்களின் ஞானம்.

இதெல்லாம் பணக்காரர்களின் விளையாட்டு, நமக்கென்ன என்று நேயர்கள் நினைக்கலாம். நம் ஆவடிப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் அப்படி நினைக்க மாட்டார்கள். அம்பத்தூரிலும் பூவிருந்தவல்லியிலும் கால் வைக்க இடமுள்ள மைதானம் ஒவ்வொன்றிலும் ஒரே சமயத்தில் நாலு ஆட்டங்கள் நடக்கின்றன. சில வீடுகளில் பையன் கையிலுள்ள மட்டை கடன் வாங்கி வாங்கியது. சென்ற வருஷம் ஒரு தகப்பனார் நம்மிடம் வந்து, "ஸார், பையன் கையில் விஷயம் இருக்கிறதென்று எல்லாரும் சொல்லுகிறார்கள். படிப்பை நிறுத்திவிட்டு முழு நேரமும் பயிற்சிக்கே அனுப்பிவிடலாமா?" என்று கேட்டார். "கோடி ரூபாய் வைத்திருப்பவர்களுக்கே தெரியாததை வாத்தியாரிடம் கேட்கிறீர்களே! அவர்கள் தோற்றால் அடுத்த வருஷம் இன்னொருவனை வாங்கிக் கொள்ளுவார்கள். உங்களுக்கு இருப்பது ஒரே பையன். அவன் ஆடட்டும், படிக்கவும் படிக்கட்டும். இரண்டில் ஒன்றை இப்போதே வெட்டிவிட வேண்டாம்" என்றோம். பையன் இப்போது இரண்டையும் செய்கிறான்.

ஆனால் தகப்பன்மாருக்குப் புத்தி சொல்லுவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. முளையைப் பார்த்துப் பயிரைச் சொல்ல முடியாதென்றால் அதற்குப் பரிகாரம் என்ன? இன்னும் கூர்மையான கண்ணுள்ள தரகர்களைத் தேடுவதா? அன்று. நிலத்தை அதிகப்படுத்தி, எல்லா முளைகளுக்கும் இன்னும் கொஞ்ச காலம் தண்ணீர் விடுவதுதான். நம் புறநகரங்களிலோ காரியம் தலைகீழாக நடக்கிறது. பையன்கள் ஓடியாடின காலி மனைகளில் அடுக்கு மாடிகள் எழும்புகின்றன. பதினாலு வயதில் பளிச்சென்று தெரியாத பையனுக்குப் பதினெட்டு வயதில் ஆட இடமில்லை. பெண் குழந்தைகளுக்கோ பதினாலிலேயே இல்லை. பள்ளிக்கூட மைதானங்களை மாலையிலும் விடுமுறையிலும் திறந்துவிடுவதற்கு நகரசபைக்குக் கோடிகள் வேண்டாம். ஒரு காவற்காரரும் இரண்டு விளக்குகளும் போதும்.

ஸ்ரீ நடராஜன் இந்த இரகசியத்தைத் தம் அனுபவத்தில் கண்டவர். 2023-ல் அவர் தம்முடைய கிராமமான சின்னப்பம்பட்டியிலேயே சொந்தச் செலவில் ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்துத் திறக்கச் செய்தார். ஒரு கிராமத்துக்கு ஒரு தனி மனிதர் செய்ததை, லட்சக்கணக்கான குடும்பங்கள் வாழும் அம்பத்தூரும் ஆவடியும் தங்கள் பிள்ளைகளுக்குச் செய்துகொள்ள முடியாதா? விளையும் பயிர் முளையிலே தெரிகிறதோ இல்லையோ, நிலமில்லாத பயிர் விளையாது என்பது நிச்சயம்.