விதையை இழந்தபின் நிலம் இருந்து என்ன பயன்?

ஓர் இனத்தின் வாழ்வுக்கு நிலமே ஆதாரம் என்பதைத் தமிழ் பேசும் மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காணி பறிபோவதன் துயரை அவர்கள் அனுபவத்தால் அறிவார்கள். ஆயின், நிலம் என்பது மண்ணும் எல்லைக்கல்லும் மட்டுமன்று. அம்மண்ணிலே தலைமுறை தலைமுறையாக வேரூன்றிய பயிரும் மரமும், அவற்றை அண்டி வாழும் புள்ளும் புழுவும் சேர்ந்ததே நிலம். அறிஞர் இதனை உயிர்ப்பல்வகைமை என்பர். காணிக்காகக் குரல் எழுப்பும் நாம், அக்காணியிலிருந்து சந்தடியின்றி மறைந்து போகின்றவற்றைக் குறித்து வாய் திறவாதிருப்பது முறையாகுமா?

இவ்வாறு மறைந்து வருவனவற்றுள் தலையாயது எமது விதைநெல். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள், பெரியவெள்ளை முதலியவை எமது முன்னோர் போற்றிக் காத்த நெல்லினங்கள். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மொட்டைக்கறுப்பன் மாரி மழையை மட்டும் நம்பி விளைந்தது. மழை பிந்தினும், இடையிலே வெயில் எறிப்பினும் தாங்கி நிற்கும் அதன் இயல்பு தற்செயலாக வந்ததன்று. ஆண்டுதோறும் நல்ல கதிரைத் தெரிந்து விதைக்கென ஒதுக்கிவைத்த கமக்காரரின் அறிவும் உழைப்பும் அந்நெல்மணியிலே அடங்கியிருக்கின்றன. அவர்கள் பட்டம் பெற்றவர்களல்லர்; எனினும் அவர்கள் செய்தது விஞ்ஞானமேயன்றி வேறன்று.

1950களின் பிற்பகுதியில் பத்தலகொட ஆராய்ச்சி நிலையம் எச்-4 என்னும் கலப்பின நெல்லை வெளியிட்டது. அதன்பின் வந்த புதிய இனங்கள் விளைச்சலைப் பன்மடங்காகப் பெருக்கின. அந்நன்மையை மறுப்பது நன்றிகேடாகும். பிள்ளைகளின் படிப்புக்கும் வங்கிக் கடனுக்கும் விளைச்சலையே நம்பியிருக்கும் கமக்காரனைப் பார்த்து, "பழைய நெல்லையே விதை" என்று மேசையில் இருந்துகொண்டு உபதேசிப்பதும் எமது நோக்கமன்று. ஆனால், எச்-4 எங்கிருந்து வந்தது? இந்நாட்டின் முருங்கக்காயன் என்னும் பழைய இனத்தை இந்தோனேசிய இனமொன்றுடன் கலந்தே அது உருவாக்கப்பட்டது. தாய் இல்லாமற் பிள்ளை ஏது? பழைய விதை அழியுமாயின் நாளைய புதிய விதைக்கும் வழியில்லை.

இது வெறும் அச்சமன்று. அறக்கொட்டி எனப்படும் கபிலநிறத் தத்தி வயல்களைப் பாழாக்கியபோது, அதனை எதிர்த்து நிற்கும் ஆற்றல் இலங்கையின் ரத்துஹீனட்டி, பாபாவீ என்னும் பழைய இனங்களிற் காணப்பட்டது. இன்று பிற நாட்டு ஆராய்ச்சியாளரும் அவற்றைப் பயன்படுத்துகின்றனர். 1970களில் பயிரைக் குட்டையாக்கும் நச்சுயிரி நோய் ஒன்று ஆசிய வயல்களைத் தாக்கியபோது, பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 6,000க்கும் மேற்பட்ட விதை மாதிரிகளைச் சோதித்தது. நோயெதிர்ப்பு கிடைத்ததோ இந்தியாவின் உத்தரப் பிரதேசத்திற் பெறப்பட்ட காட்டு நெல் ஒன்றிலேயாம். எவரும் பொருட்படுத்தாத அக்காட்டு நெல் அதற்கு முன்பே அழிந்திருந்தால்?

ஒரே பயிரை நம்புவதன் கேட்டுக்கு எமது நாட்டின் வரலாறே சான்று பகரும். 1869ஆம் ஆண்டிலே மலைநாட்டுக் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் தோன்றியது. மலைக்கு மலை கோப்பியையே நட்டிருந்தமையால் நோய் தடையின்றிப் பரவிற்று. இருபது ஆண்டுகளுக்குள் அத்தொழில் நிலைகுலைந்தது. துரைமார் தேயிலைக்கு மாறினர். வேலையும் கூலியும் இழந்து வாடியவர்கள் எமது தொழிலாள மக்களேயாவர்.

அண்மைய படிப்பினை ஒன்றும் உண்டு. 2021ஆம் ஆண்டிலே இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் முன்னேற்பாடின்றித் தடைசெய்தது. அவ்வாண்டு முடியுமுன்னரே தடை தளர்த்தப்பட்டபோதிலும், பெரும்போகம் பட்ட அடி பட்டதே. பூவரசங் குழையை வெட்டி வயலுக்குத் தாழ்ப்பது எமது பழைய வழக்கம். ஆனால், பசளைக்குத் தட்டுப்பாடு வந்த வேளையிலே குழைக்குப் பூவரசு எங்கே? கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் நின்ற உயிர்வேலிகளைத் தறித்துவிட்டு மதில் எழுப்பினோம். வேலியோடு குழை போயிற்று. ஆட்டுக்குத் தீன் போயிற்று. பூச்சியைத் தின்னும் குருவிக்கு இருப்பிடமும் போயிற்று. மதில் பெருமை தரலாம், பசளை தராது.

கண்ணொறுவையிலே 1988ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தாவர மரபணு வள நிலையத்தில் விதைகள் குளிரூட்டிப் பேணப்படுகின்றனவே, அது போதாதா எனச் சிலர் வினவலாம். அது வேண்டியதே, ஆயினும் போதாது. குளிரறையில் உறங்கும் விதை மாறிவரும் மழையையும் உவரேறும் மண்ணையும் அறியாது. வயலில் ஆண்டுதோறும் விளையும் விதையே காலத்தோடு மாறும். மேலும், 1995இலும் 2009இலும் இடம்பெயர்ந்தோர் உயிரைக் காப்பதா, விதைமூடையைக் காப்பதா என்றிருந்த நிலையை நாம் மறக்கலாகாது. விதை ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஆபத்து.

ஆகவே நாம் கேட்பன மிகையானவை அல்ல. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் விவசாயத்தை மாகாணப் பொறுப்பாக்கியது. பகுதிதோறும் அவ்விடத்துப் பழைய விதைகளுக்கென ஒரு களஞ்சியம் அமைக்கக் கொழும்பின் தயவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கிளிநொச்சியில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் கமக்காரருடன் கைகோத்து அவ்விதைகளை வயலிலே சோதிக்கட்டும். கமக்காரர் ஒவ்வொருவரும் தம் வயலில் ஒரு பரப்பையேனும் பழைய நெல்லுக்கு ஒதுக்கட்டும். அதனால் நேரும் நட்டத்தை அவர்கள் மட்டும் சுமப்பது நீதியன்று. வைத்தியரும் சட்டத்தரணியும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் அந்நெல்லுக்கு உரிய விலை கொடுத்து வாங்கட்டும். தரிசாய்க் கிடக்கும் தம் காணிகளை விதைப்போருக்கு வழங்கட்டும். நிற்கின்ற வேலியையேனும் தறியாது விடட்டும்.

பறிபோன காணியைப் போராடி மீட்கலாம், மீட்டும் இருக்கிறோம். அற்றுப்போன விதையை எந்தப் போராட்டமும், எந்தப் பாராளுமன்றமும், எந்த நீதிமன்றமும் மீட்டுத் தரமாட்டா. அடுத்த பெரும்போகத்துக்கு முன்னர் ஊர்தோறும் எஞ்சியிருக்கும் பழைய விதைகளைத் தேடி ஒன்றுசேர்க்க வேண்டும். அது எமது கடமை.