முத்திரைக்கு அவசரம், முன்பணத்துக்கு மௌனம்

2026 ஜனவரி முதல் தேதியிலிருந்து வாடகை ஒப்பந்தங்களுக்கான முத்திரைத் தீர்வையை நாமே கணக்கிட்டு, நாமே அறிவித்துக் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு நடப்புக்கு வந்துவிட்டது. ஆண்டு வாடகையில் முதல் 2,400 ரிங்கிட்டுக்கு இருந்த விலக்கு அதற்கு ஓராண்டு முன்பே எடுக்கப்பட்டது. முப்பது நாளுக்குள் முத்திரை வைக்காவிட்டால் அபராதம் குறைந்தது 50 ரிங்கிட். மூன்று மாதம் தாண்டினால் 100. மாதம் 700 ரிங்கிட் வாடகைக்கு ஓராண்டு ஒப்பந்தம் என்றால் தீர்வை 34 ரிங்கிட் வரும். வழக்கப்படி அதைக் கட்டுவது குடியேறுகிறவர்தான்.

34 ரிங்கிட்டுக்காக நான் இதை எழுத உட்காரவில்லை. வாடகைத் தாளிலிருந்து வரி எடுக்க ஓராண்டுக்குள் இரண்டு திருத்தம் கொண்டுவர முடிந்த அரசாங்கத்துக்கு, அதே தாளில் எழுதியிருக்கும் முன்பணத்தைப் பாதுகாக்க இன்னும் மனம் வரவில்லையே என்பதுதான் என் கோபம். வாடகைக் குடியிருப்புச் சட்டம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று சுரைடா கமாருடின் வீடமைப்பு அமைச்சராக இருந்த காலத்திலிருந்து கேட்டுவருகிறோம். பிறகு ரீசால் மெரிக்கான் வந்தார். ங்கா கோர் மிங் வந்தார். ஆய்வு நடந்தது, கருத்துக் கேட்டார்கள், வரைவு எழுதினார்கள், திரும்ப எழுதினார்கள். முத்திரைத் தீர்வைக்கு இத்தனை கருத்துக் கேட்பு தேவைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

பெட்டாலிங் ஜெயாவில் வாடகைக்கு இருக்கும் அலுவலருக்கு இந்த முன்பணம் ஓர் எரிச்சல். கோல சிலாங்கூரிலும் உலு சிலாங்கூரிலும் தோட்டத்தை விட்டு வெளியேறும் குடும்பத்துக்கு இது வாழ்க்கையையே நிறுத்திவைக்கும் விஷயம். கணக்கைப் பாருங்கள். பெஸ்தாரி ஜெயாவிலோ புக்கிட் ரோத்தானிலோ 700 ரிங்கிட்டுக்கு ஒரு தாமான் வீடு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாத வாடகை காப்புத்தொகை, 1,400. தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாத வாடகை, 350. முதல் மாத வாடகை 700. ஆக மொத்தம் 2,450 ரிங்கிட்டை எண்ணி வைத்தால்தான் சாவி கைக்கு வரும். இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் 1,700. அதில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு போனால் மிச்சம் 1,513. சொக்சோ பிடித்தம் வேறு. மாதம் முழுக்க ஒருவாய்ச் சோறுகூடச் சாப்பிடாமல் சேர்த்தாலும் ஒரு சம்பளத்தில் அந்தச் சாவி கிடைக்காது.

சாவி கிடைத்த பிறகுதான் மீதிச் செலவே தெரியவரும். சாமான் ஏற்ற லோரி வேண்டும். இந்த வட்டாரத்தில் குறைந்த வாடகைக்கு வரும் வீடுகளில் பெரும்பாலானவை காலி வீடுகள். காற்றாடி இருக்காது, சமையலறையில் அலமாரி இருக்காது, சன்னலுக்குத் திரை இருக்காது. தோட்ட லயத்தில் சுவரோடு சுவராகப் போட்டிருந்த பலகைக் கட்டிலை இடம் மாற்ற முடியாது, பெயர்த்தால் உடைந்துவிடும். கட்டில், மெத்தை, அடுப்பு, ஐஸ் பெட்டி என்று எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டும். கையில் இருந்த காசு முன்பணத்துக்குப் போய்விட்டதால் எல்லாமே தவணைக்குத்தான். ரொக்கமாக வாங்கியிருந்தால் என்ன விலையோ அதைவிடக் கூடுதலாக இரண்டு மூன்று வருடம் கட்டிக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்காரரிடம் முடங்கிக் கிடக்கும் 1,400 ரிங்கிட் கையில் இருந்திருந்தால் அந்தத் தவணைக் கடனில் பாதி தேவைப்பட்டிருக்காது. முன்பணம் ஏழையைக் கடனுக்குத் தள்ளுகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

தோட்டத்து மக்களின் நிலை மற்ற ஏழைகளின் நிலையிலிருந்தும் வேறுபட்டது என்பதை அமைச்சின் அதிகாரிகள் புரிந்துகொள்ள வேண்டும். மலேசியாவில் செம்பனை வாணிபப் பயிராக முதலில் நடப்பட்டது இந்த வட்டாரத்தில்தான். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, தென்னமரம் தோட்டத்தில், ஹென்ரி ஃபொகோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். அன்றிலிருந்து கணக்குப் போட்டாலே நூறு ஆண்டைத் தாண்டிவிட்டது. இத்தனை தலைமுறையும் வேலையோடு வந்த வீட்டில் வாழ்ந்தது. வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் வீடும் போகும். குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்ற சட்டம் 2013-இல் நடப்புக்கு வந்தது. அறுபது முடிந்த தொழிலாளிக்குச் சேமநிதிப் பணத்தோடு, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதமும் வருகிறது. அவர் தாமானில் வீடு தேடிப் போனால் முதலில் கேட்பது சம்பளச் சீட்டு. அது இனி அவரிடம் இல்லை. அடுத்துக் கேட்பது முன்பு குடியிருந்த வீட்டுக்காரரின் சான்று. வாழ்நாளில் ஒரு வீட்டுக்கும் வாடகை ரசீது வாங்காதவர் அதற்கு எங்கே போவார்? சீனருக்கு மட்டும், மலாய்க்காரருக்கு மட்டும் என்று வெளிப்படையாகவே எழுதிவைக்கிற வாடகை விளம்பரங்கள் இன்னொரு பக்கம். அதைத் தண்டிக்கவும் சட்டம் இல்லை.

தோட்டக் குடியிருப்புக்கென்று சட்டமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம், தொழிலாளர் குடியிருப்பில் படுக்கும் இடம் எத்தனை சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்பதுவரை சொல்கிறது. தொழிலாளியிடமிருந்து வீட்டுக்காக மாதம் 100 ரிங்கிட்டுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. வேலையில் இருக்கும்வரை இத்தனை பாதுகாப்பு. வேலி தாண்டி வெளியே வந்த மறுநாள் எதுவும் இல்லை.

நம் தலைவர்களோ சொந்த வீட்டைத் தவிர வேறு எதையும் பேசுவதில்லை. தோட்டத் தொழிலாளர்களுக்குச் சொந்த வீட்டுத் திட்டம் என்று துன் ரசாக் பேசியது 1973-இல். 2011 வரவுசெலவுத் திட்டத்தில் பேங்க் சிம்பானான் நேஷனல் வழியாக 5 கோடி ரிங்கிட், 4 விழுக்காடு வட்டி, இரண்டாம் தலைமுறைவரை திருப்பிச் செலுத்தலாம் என்று அறிவித்தார்கள். மேரி, நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் உள்ளிட்ட ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்த பிறகுதான் பிரதமர் அன்வார் அவர்களுக்கான வீட்டுத் திட்டத்தைத் தொடக்கிவைத்தார். அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் அதே புக்கிட் தாகாரில் கோலாலம்பூரின் குப்பையைக் கொட்ட 2005-லேயே இடம் ஒதுக்கி, சாலை போட்டு, வேலை தொடங்கியாகிவிட்டது. குப்பைக்கு முதலில் இடம் கிடைத்தது, குப்பைமேட்டைச் சுற்றிப் பால்மரமும் செம்பனையும் வளர்த்தவர்களுக்குப் பிறகு கிடைத்தது. இதை நான் மறக்கப்போவதில்லை.

அந்த இருபத்தைந்து ஆண்டு இடைவெளியில் பிள்ளைகள் வளர்ந்தார்கள், கல்யாணம் ஆனது, லயத்தில் இடம் போதவில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்தது வாடகை வீடுகளில். லயத்துக்கும் சொந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு தலைமுறை முழுக்க வாடகைக்கு வாழ்கிறது. அதற்கென ஒரு கொள்கை கூட்டரசிடமும் இல்லை, தோட்ட மக்களுக்காகப் பேசும் கட்சிகளிடமும் இல்லை.

இந்த நாட்டின் வாடகைக்காரர்களை எந்தச் சட்டம் ஆள்கிறது? இதைப் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். வழக்கறிஞர்களைத் தவிர யாரும் சரியாகச் சொன்னதில்லை. 1950-இன் ஒப்பந்தச் சட்டம், 1950-இன் குறித்த நிவாரணச் சட்டம், இவற்றோடு 1951-இன் ஜப்திச் சட்டம். மூன்றாவதைக் கவனியுங்கள். வாடகை பாக்கி இருந்தால் வீட்டுக்காரர் நீதிமன்றத்துக்குப் போய், குடியிருப்பவரை அழைக்காமலே, ஒருதலையாக ஆணை வாங்கலாம். பன்னிரண்டு மாத பாக்கிவரை கேட்கலாம். ஆணையோடு வருகிறவர்கள் வீட்டுச் சாமானைக் கைப்பற்றி ஏலம் விடலாம். உடுத்தும் துணிக்கும் படுக்கைக்கும் தொழில் கருவிக்கும் விலக்கு உண்டு. தவணை கட்டி முடித்த ஐஸ் பெட்டிக்கு விலக்கு இல்லை.

இந்த ஜப்திச் சட்டம் பிறந்த ஆண்டை யோசித்துப் பாருங்கள். 1951 அவசரகாலத்தின் உச்சம். அந்த அக்டோபரில்தான் பிரேசர் மலைக்குப் போகும் வழியில், இதே வட சிலாங்கூர் மலைப்பாதையில், உயர் ஆணையர் கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். தோட்ட லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, அரிசியை அளந்து கொடுத்த காலம் அது. சொத்துள்ளவரைக் காப்பதே ஒழுங்கு என்று நம்பிய காலனி அரசு, தன் ஊரின் பழைய வழக்கத்தை இங்கே சட்டமாக்கியது. அந்த வழக்கம் பிறந்த இங்கிலாந்தில் வீட்டு வாடகைக்காக ஜப்தி செய்யும் உரிமை 2014 ஏப்ரல் 6-ஆம் தேதி ஒழிந்தது. வணிகக் கட்டடங்களுக்கு மட்டும் ஒரு கட்டுப்பட்ட முறையை வைத்துக்கொண்டார்கள். அதற்கும் முன்பே, 2007-லிருந்து அங்கே வீட்டுக்காரர் வாங்கும் முன்பணம் அரசு ஏற்ற ஒரு பாதுகாப்புத் திட்டத்துக்குள் வர வேண்டும். இன்றைய விதிப்படி முப்பது நாளுக்குள் வந்தாக வேண்டும். தவறினால் அந்தத் தொகையைப் போல் மூன்று மடங்குவரை வீட்டுக்காரர் குடியிருப்பவருக்குக் கட்ட நேரும். 2019-இல் முன்பணத்துக்கே உச்சவரம்பு வந்தது. சாதாரண வீடுகளுக்கு ஐந்து வார வாடகை, அதற்கு மேல் ஒரு காசு கூடாது. நமக்கு இந்தச் சட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர்களே அதைக் கைவிட்டுவிட்டார்கள். நாம் எழுபத்தைந்து ஆண்டாகக் கட்டிக் காக்கிறோம். சுதந்திர நாடு என்று சொல்லிக்கொள்ளும் எந்த நாடாளுமன்றத்துக்கும் இது தலைக்குனிவு.

தமிழ்நாடுகூட 2017-இல் சட்டம் இயற்றி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றது. சென்னையில் பத்து மாத முன்பணம் சகஜமாக இருந்த மாநிலம் அது. அந்தச் சட்டம் எல்லா இடத்திலும் மதிக்கப்படுகிறதா என்பது வேறு கேள்வி. கேட்கிறவருக்குக் காட்ட ஒரு சட்டமாவது இருக்கிறது.

இங்கே என்ன இருக்கிறது? வாங்கிய கட்டில் ஆறு மாதத்தில் ஆடினால், 5 ரிங்கிட் கட்டிப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. கட்டில் போட்டிருந்த வீட்டைக் காலி செய்யும்போது, சுவரில் ஆணி அடித்த தடம் இருக்கிறது, சாயம் மங்கியிருக்கிறது என்று சொல்லி 1,400 ரிங்கிட்டை வீட்டுக்காரர் வைத்துக்கொண்டால் அந்தத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 ரிங்கிட்டுக்குள்ளான சிறு வழக்காகப் பதிய வேண்டும். நாள்கூலிக்காரர் ஒவ்வொரு விசாரணைக்கும் ஒருநாள் கூலியை இழந்துதான் நீதிமன்றம் போக முடியும். பெரும்பாலோர் தலையெழுத்து என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்காரருக்கும் அது தெரியும்.

முன்பணத்தைக் குறைத்தால் வீட்டை வாடகைக்கு விடவே மாட்டார்கள், வாடகை கட்டாமல் ஓடிப்போகிறவர்களை யார் தடுப்பது என்று வீட்டுச் சந்தையைப் பற்றி எழுதுகிறவர்கள் உடனே சொல்வார்கள். புக்கிட் பெருந்துங்கில் வரிசை வரிசையாகப் பூட்டிக் கிடக்கும் வீடுகளை அவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். ஆளில்லாமல் பாழாகும் வீட்டை வைத்திருக்கிறவருக்கு இழப்பு எது என்பது புரியும். ஜப்திச் சட்டத்தைக் கடைகளுக்குத்தான் அதிகம் பயன்படுத்துகிறோம் என்பார்கள் சிலர். அப்படியானால் வீடுகளிலிருந்து அதை எடுப்பதில் என்ன தயக்கம்? இந்த வாதங்களுக்கு இதற்கு மேல் இடம் தர நான் விரும்பவில்லை.

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ராவுக்கு ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்குகிறார்கள். அதில் ஒரே ஒரு விழுக்காடு, 10 லட்சம் ரிங்கிட். 1,400 வீதம் வகுத்தால் 714 குடும்பங்களின் காப்புத்தொகை. கொடுத்துத் தீர்ந்துபோகிற பணமும் இல்லை அது; குடும்பம் வீடு மாறும்போது திரும்பி வந்து அடுத்த குடும்பத்துக்குப் போகும். ஒரு நாள் பயிற்சிப் பட்டறைக்கும் உணவுப் பொட்டலத்துக்கும் போகும் காசில் இதைச் செய்திருந்தால், ஐந்தே ஆண்டில் கோல சிலாங்கூரிலும் உலு சிலாங்கூரிலும் லயத்தில் அடைந்து கிடக்கும் இளம் குடும்பம் ஒன்றுகூட இருந்திருக்காது. ஐம்பது ஆண்டுச் சொந்த வீட்டு அறிவிப்புகள் செய்ததைவிட இந்த ஒரு நிதி அதிகம் செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார். நம் கூட்டுறவுச் சங்கங்களால் இன்று முன்பணத்துக்கு ஓர் உத்தரவாதக் கடிதம் கொடுக்க முடியாதா? சிலாங்கூர் அரசு தன் ஸ்மார்ட் சேவா வீடுகளில், கட்டிய வாடகையில் 30 விழுக்காட்டைத் திருப்பித் தரும் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. தனியார் வீட்டில் குடியிருக்கும் தோட்டக் குடும்பத்துக்கும் அந்தக் கையை நீட்டட்டும்.

கோல சிலாங்கூர் நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் சுல்கிப்ளி அமாட் அமைச்சரவையில் இருக்கிறார். அவருக்கும், நம் வாக்கைக் கேட்டு வந்த ஒவ்வொரு இந்திய நாடாளுமன்ற உறுப்பினருக்கும் என் வேண்டுகோள் இது. வாடகைக் குடியிருப்பு மசோதாவை இந்த ஆண்டே அவைக்குக் கொண்டுவாருங்கள். முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் கூடாது என்று அதில் எழுதுங்கள்; அந்தப் பணம் வீட்டுக்காரரின் சொந்தக் கணக்கில் இல்லாமல் தனி நிதியில் இருக்கட்டும். இனம் சொல்லி வீடு மறுப்பதைக் குற்றமாக்குங்கள். குடியிருப்புகளைப் பொறுத்தவரை 1951 ஜப்திச் சட்டத்தை ரத்து செய்யுங்கள். அதுவரை, வாடகை வீடு தேடும் வாசகர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரசீது கையில் வராமல் முன்பணத்தைக் கொடுக்காதீர்கள். சாவி வாங்கும் அன்றே ஒவ்வோர் அறையையும் தேதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவையுங்கள்.